பழைய இராணுவ வண்டிக்கு எந்தச் சாயம்?

பழைய இராணுவ லேண்ட் ரோவர் ஒன்று என்னிடம் இருக்கிறது என்று சொன்னால் பல்கலைக்கழக நண்பர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்பார்கள். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்? விற்றால் எவ்வளவு கிடைக்கும்? முதல் கேள்விக்கு விடை எளிது. ஒரு லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் ஓடினால் அன்று அதற்கு நல்ல மனநிலை என்று பொருள். இரண்டாம் கேள்விக்கு அண்மையில்தான் விடை கிடைத்தது. பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒருவர் தலைநகரிலிருந்து நேரில் வந்து பார்த்துவிட்டு, என் கல்விக் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிடக்கூடிய தொகை ஒன்றைச் சொன்னார். வாங்கிய பிறகு என்ன செய்யப் போகிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மேலே உள்ள நீலச் சாயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு இராணுவப் பச்சை அடிப்பாராம். கதவில் 1950ஆம் ஆண்டுகளின் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றின் சின்னத்தை வரைவாராம். பின்பக்கம் பொய்த் துப்பாக்கி ஒன்றைப் பொருத்திக் கண்காட்சிகளுக்குக் கொண்டு செல்வாராம்.

நான் மறுத்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. "படிக்கிற பிள்ளைக்கு இந்த இரும்பு எதற்கு?" என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. இது லேண்ட் ரோவரில் 'சீரிஸ் டூ ஏ' என்று அழைக்கப்படும் வகை. 1961 முதல் 1971 வரை வந்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 109 அங்குலம். 2,286 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். நம் நாட்டு இராணுவத்தில் உழைத்துக் களைத்து ஏலத்திற்கு வந்தது. 1987இல் ஏலம் எடுத்த வியாபாரியிடமிருந்து என் பெரியப்பா வாங்கினார். வாங்கியது சேகரிப்பதற்கு அன்று. கேமரன் மலையில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றுவதற்கு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஏற்றினார். அவருடைய முதுகு ஓய்வு கேட்டபோது வண்டியும் ஓய்வு கேட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நின்றன.

கேமரன் மலைக்குச் சென்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ரிங்லெட் தொடங்கி கம்போங் ராஜா வரை சாலையோரங்களிலும் காய்கறித் தோட்டங்களின் சரிவுகளிலும் பழைய லேண்ட் ரோவர்களைக் காணலாம். சிலவற்றுக்குக் கதவு இருக்காது. சிலவற்றின் கூரை தகரத்தால் ஆனது. சேறு வழுக்கும் சரிவில், காய்கறிக் கூடைகளைத் தலைக்கு மேல் அடுக்கிக்கொண்டு, நடந்து போகும் வேகத்தில் அவை ஏறிவரும். சுற்றுப்பயணிகள் நின்று படம் எடுப்பார்கள். மலையில் வளர்ந்த எங்களுக்கு அது பழம்பொருள் அன்று. அது பொதி சுமக்கும் மாடு. மாட்டுக்குப் பெயர் வைப்போமே தவிர அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க நினைப்போமா?

லேண்ட் ரோவர் பிறந்த கதையே விவசாயக் கதைதான். ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவர் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில், போர் முடிந்தபின் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மாற்றாகத் தாமே ஒன்றைச் செய்யலாம் என்ற எண்ணம் 1947இல் அங்கேதான் உருவானது. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகு பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது. ஆகவே உடற்பகுதிக்கு 'பர்மாபிரைட்' என்னும் அலுமினியக் கலவைத் தகட்டைப் பயன்படுத்தினார்கள். வளைவு நெளிவு குறைவாக, தட்டையாக இருப்பதற்கும் இதுவே காரணம். விலையுயர்ந்த அச்சுக் கருவிகள் இல்லாமலே தகட்டை மடிக்கலாம். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. கதிரடிக்கும் இயந்திரத்தையும் மரம் அறுக்கும் வாளையும் வண்டியின் இஞ்சினாலேயே இயக்கும் வசதி அதில் இருந்தது. அதை உருவாக்கியவரின் மனத்தில் இருந்தவன் உழவன், சிப்பாய் அல்லன்.

அதே 1948இல், அதுவும் ஏழே வாரங்களில், மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. ஜூன் 16ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் கூட்டரசு முழுவதும் அவசரகாலச் சட்டம் வந்தது. அது 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. உழவனுக்காகப் பிறந்த வண்டி, பிரிட்டிஷ் இராணுவமும் மலாயாப் போலீசும் ஓட்டும் வண்டியாக நம் தோட்டப்புறங்களுக்குள் நுழைந்தது இந்தக் காலத்தில்தான். 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைக்குச் செல்லும் வழியில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டபோதும், அவருடைய ரோல்ஸ் ராய்ஸ் மகிழுந்துக்குக் காவலாக வந்த போலீசார் லேண்ட் ரோவரில்தான் வந்தார்கள்.

கர்னியைப் பற்றிப் பாடநூலில் படிக்கிறோம். தோட்டத்து மக்களின் அவசரகாலம் எவ்வளவு தூரம் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது? 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். ஆனால் தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் கூட்டப்பட்டு முள்கம்பி வேலிக்குள் வந்தன. காட்டிலிருப்பவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காகப் பால் மரம் வெட்டப் போகிறவர்கள் கையில் சோறு கொண்டுபோகக் கூடாது. வாயிற்கதவில் சோதனை. கடைக்காரர் விற்கும் உணவு டின்னைத் துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன்பே, 1948 டிசம்பரில், பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் 24 பேர் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அவர்களின் உறவினர்கள் தொடுத்த வழக்கில் இலண்டன் உச்ச நீதிமன்றம் 2015இல்தான் தீர்ப்பளித்தது. அவர்கள் கேட்ட பொது விசாரணை கிடைக்கவில்லை.

என் பாட்டி அப்போது பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்துச் சிறுமி. அவருக்குப் படைப்பிரிவுகளின் பெயர் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரு சத்தமும் ஒரு நிறமும். விடியற்காலையில், பெரட்டுக்கு முன்னால், பச்சை வண்டி லயத்துக்குள் வந்து நிற்கும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் அவருடைய அம்மா அடுப்பில் இருக்கும் சோற்றுப் பானையைத்தான் முதலில் பார்ப்பாராம். கூடுதலாக ஒரு பிடி அரிசி வெந்திருந்தால் அதற்கும் கணக்குச் சொல்ல வேண்டுமோ என்ற பயம். "யாருக்கு இது?" என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

1987இல் பெரியப்பா புதிதாக வாங்கிய வண்டியைப் பெருமையோடு பாட்டி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்போது அது இராணுவப் பச்சையில்தான் இருந்தது. பாட்டி வெளியே வந்து பார்த்தவர், படியிறங்கவில்லை. "ஏன்டா, வேற நெறமே கெடைக்கலியா? இந்தப் பச்ச நம்ம வாசல்ல நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெரியப்பா விவாதிக்கவில்லை. அடுத்த வாரமே கடையில் வீட்டுக்கதவுக்கு அடிக்கும் நீலச் சாயம் இரண்டு டின் வாங்கி, தூரிகையால் தாமே அடித்தார். தூரிகை மயிர்கள் இரண்டு இன்றும் இடப்பக்கக் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதன் பிறகுதான் பாட்டி அந்த வண்டியில் ஏறினார். தாப்பாவுக்குப் பல் பிடுங்கப் போனதும், பத்துமலைத் தைப்பூசத்திற்குப் போனதும், அத்தையின் கல்யாணத்திற்குச் சீர்வரிசைச் சாமான்கள் போனதும் இந்த நீல வண்டியில்தான்.

சேகரிப்பாளருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்லர், பொறுமையாகக் கேட்டார். ஆனால் "அது பிற்காலச் சாயம்தானே, தம்பி? மூலச் சாயம் பச்சைதானே?" என்றார். எங்கள் கருத்து வேறுபாடு முழுவதும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. மூலம் என்று எதைச் சொல்கிறோம்? ஆலையிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அதுவே உண்மை, அதற்குப் பின் ஒட்டியதெல்லாம் அழுக்கு என்று வைத்துக்கொண்டால், அந்த வண்டியை வைத்து வயிறு வளர்த்த ஒரு குடும்பத்தின் வாழ்க்கையும் அழுக்குக் கணக்கில் போய்விடும். இராணுவத்தில் அது இருந்ததைவிட எங்கள் வீட்டில் இருந்த காலம் நீளம். சீருடையைக் கழற்றிய பின் ஒருவர் முப்பது ஆண்டு ஆசிரியராக வேலை பார்த்தால், அவருடைய படத்துக்குச் சீருடையை மாட்டித்தான் மாலை போட வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. பச்சையாவது ஒரு காலத்தில் உண்மையாக இருந்த நிறம். அவர் வரையப்போகும் சின்னம்? அவசரகாலம் 1960இல் முடிந்தது. என் வண்டியின் வகையே 1961இல்தான் ஆலையில் தொடங்கியது. அவசரகாலத்தில் போரிட்ட படைப்பிரிவின் சின்னத்தை அதன் கதவில் வரைவது, பிறக்காத பிள்ளைக்குப் போர்ப் பதக்கம் குத்துவது போன்றது. கண்காட்சிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்து அவசரகாலத்தின் வண்டி என்று நம்பிச் செல்வார்கள். பொய்த் துப்பாக்கியோடு நின்று படமும் எடுத்துக்கொள்வார்கள். அவர்களில் சிலருடைய கொள்ளுப்பாட்டியும் சோற்றுப் பானையைப் பார்த்துப் பயந்தவராக இருக்கலாம். இராணுவ வண்டியைப் பாதுகாப்பவர்கள் போரைக் கொண்டாடுகிறார்கள் என்று நான் பொத்தாம்பொதுவாகக் குற்றம் சாட்டவில்லை. ஆனால் துப்பாக்கியை மட்டும் காட்டி, அது யார் வாசலில் வந்து நின்றது என்பதைக் காட்டாமல் விட்டால், பாதுகாக்கப்பட்டது பாதிதான்.

சேகரிப்பாளர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இல்லாவிட்டால் இத்தகைய வண்டிகளில் பல எப்போதோ உருக்காலைக்குப் போயிருக்கும். 2016 ஜனவரி 29ஆம் நாள் சோலிஹல் ஆலையில் பழைய பாணி டிஃபெண்டர் வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் அதற்கும் மூத்த என் வண்டிக்குக்கூட இன்றும் புதிய உதிரிப்பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கிடைக்கின்றன என்றால், உலகெங்கும் ஆர்வலர்கள் இவற்றை ஓட்டிக்கொண்டிருப்பதே காரணம். படைவீரர்களை நினைப்பதும் தவறன்று. நம் நாட்டு இராணுவத்தில் நம்மவர்களும் பணியாற்றியிருக்கிறார்கள். ஓர் உண்மையான இராணுவ வண்டி, இராணுவத்திலிருந்து நேரே அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தால், அது பச்சையாகவே நிற்கட்டும். என் வண்டி அப்படிப் போகவில்லை.

அப்படியானால் எதையுமே தொடாமல் வைத்திருக்கிறேனா என்றால், அதுவும் இல்லை. இவ்வாறு எண்ணுகிறவர்கள் கேமரன் மலையின் மழையை அறியாதவர்கள்.

லேண்ட் ரோவர் துருப்பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். வெளித்தகடு அலுமினியம் என்பதால் வந்த நம்பிக்கை. உள்ளே இருக்கும் சேசிஸ் எஃகு. ஓட்டுநரின் கால் பக்கத்தையும் இஞ்சினையும் பிரிக்கும் தடுப்புச் சுவரும் எஃகு. சேசிஸ் என்பது நான்கு பக்கமும் அடைத்த பெட்டிபோன்ற சட்டம். சேற்று நீர் அதற்குள் புகுந்து தேங்கி, உள்ளிருந்தே தின்னும். வெளியே பார்த்தால் சாயம் பளபளக்கும். சுத்தியலால் தட்டினால்தான் தெரியும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்துப்போன இடம் அட்டையைத் தட்டியது போல் சத்தம் போடும். முதலில் போவது பின்பக்கக் குறுக்குச்சட்டம். அதற்கடுத்து ஓட்டுநரின் கால் வைக்கும் பள்ளம். ஒரு நாள் கால்மிதியடியைத் தூக்கிப் பார்த்தபோது சாலை தெரிந்தது. கூடவே இன்னொரு தொல்லை. அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலத்தில் நடப்பது போன்ற வேதிவினை நடக்கும். அதில் அரிபடுவது அலுமினியம். எஃகுத் திருகுகளைச் சுற்றி வெள்ளை மாவு போலப் பூத்திருப்பது அதுதான். இரண்டுக்கும் இடையே ரப்பர் வில்லை வைக்கலாம், அல்லது தகுந்த பசையைப் பூசலாம். பத்துக் காசு வேலை, பத்து ஆண்டு ஆயுள்.

சேசிஸைப் புதிதாகவே மாற்றிவிடலாம் என்பார்கள். துத்தநாகம் பூசிய புதிய சேசிஸ் வெளிநாட்டில் விற்கிறார்கள். நான் மாற்றமாட்டேன். என் வண்டியின் எண் வலப்பக்க முன் ஸ்பிரிங் தாங்கியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பதிவு ஆவணத்தில் உள்ள எண்ணோடு அது பொருந்த வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் என் முடிவு இதுவே. அரித்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வைத்துப் பற்றவைக்கிறோம். ஒட்டுப்போட்ட இடம் தெரியும், தெரியட்டும்.

ஆனால் பிரேக் விஷயத்தில் எனக்குப் பழமைப் பற்று கிடையாது. நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். நான்குக்கும் ஒரே எண்ணெய்க் குழாய் வழி. எங்காவது ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். கைப்பிரேக்கோ சக்கரத்தில் இல்லை. பின் அச்சுக்குப் போகும் சுழல்தண்டைப் பிடித்து நிறுத்துகிறது. அது நிறுத்திவைக்கத்தான், ஓடும்போது இழுப்பதற்கன்று. இதை வைத்துக்கொண்டு ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளை நினைத்துப் பாருங்கள். ஆகவே குழாய்கள் எல்லாம் புதியவை. இரண்டு தனி வழிகளாகப் பிரிக்கும் பாகத்தையும் பொருத்திவிட்டோம். கண்காட்சி நடுவர் மதிப்பெண்ணைக் குறைக்கலாம், குறைக்கட்டும். விளக்குக் கம்பிகளும் புதியவை. இருக்கைக்கடியில் பெட்ரோல் தொட்டி இருக்கும் வண்டியில் பழைய மின்கம்பியைப் பாரம்பரியம் என்று வைத்திருப்பவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

மாற்றாமல் வைத்திருப்பவை வேறு. பெரியப்பா பற்றவைத்த காய்கறிச் சட்டம் அப்படியே இருக்கிறது. பின்பலகையில் கூடைகள் உரசி உரசி வந்த பள்ளங்கள் இருக்கின்றன. கதவின் உட்பக்கம் சாக்கட்டியால் போட்ட கணக்கின் மேல் வார்னிஷ் அடித்திருக்கிறேன்: ஒரு நாளைக்கு எத்தனை கூடை என்ற கணக்கு. அதற்கும் கீழே இராணுவத்தின் தடங்களும் இருக்கின்றன. அவற்றையும் நான் அழிக்கவில்லை. துப்பாக்கி மாட்டும் பிடிகளைக் கழற்றியபின் நின்ற துளைகள், வண்டிக்கடியில் ஒரு சிறு விளக்குக்கான தாங்கி. அந்த விளக்கு, வெள்ளை அடித்த பின் அச்சின் மீது மட்டும் ஒளி விழச்செய்யும். இரவில் வரிசையாகச் செல்லும்போது பின்னால் வருபவர் அந்த வெள்ளையைப் பார்த்துத் தொடர்வார், வானிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நீலம் உரிந்த இடங்களில் பச்சை எட்டிப் பார்க்கிறது. அதை மறைக்கவும் இல்லை, சுரண்டவும் இல்லை.

ஓட்டும் முறையும் பாதுகாக்க வேண்டியதே. முதல் இரண்டு கியர்களுக்கும் வேகத்தைச் சமன்செய்யும் வசதி இதில் கிடையாது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்க வேண்டுமானால் கிளட்சை மிதித்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, இஞ்சினைச் சற்று உறுமவிட்டு, மறுபடி மிதித்துத்தான் கியரைத் தள்ள வேண்டும். தவறினால் ஊருக்கே கேட்கும். மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்புப் பிடியை இழுத்தால் மலையேறும் தாழ்ந்த வேகம். மின்கலம் செத்துப்போனாலும் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றி இஞ்சினை எழுப்பலாம். அப்படிச் சுற்றும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்தால், இஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது விரல் முறியும். இதைப் பெரியப்பா எனக்கு எட்டு வயதிலேயே வாழைக்காயை வைத்துக் காட்டினார்.

இதுவரை சொன்னதெல்லாம் கையேட்டிலும் கிடைக்கும். கையேட்டில் கிடைக்காத ஒன்றுதான் எனக்கு உண்மையான கவலை.

எங்கள் வண்டியைப் பார்த்துக்கொள்பவர் எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர். பதினான்கு வயதில் தோட்டத் தொழிற்சாலையின் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஒரு சீன மேஸ்திரியிடம் தொழில் கற்றவர். நீண்ட திருப்புளியின் முனையை இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, எந்த வால்வு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கு வண்டி ஓர் உடம்பு. கியர் உராய்ந்தால் "பல்லக் கடிக்குது" என்பார். கார்புரேட்டரில் தூசு அடைத்தால் "தொண்டையில சளி". சுழல்தண்டின் இணைப்புத் தேய்ந்திருந்தால் "மூட்டுவலி வந்திருச்சி, தம்பி". துருவேறிக் கழற்ற முடியாத திருகு "ரோசக்காரன்". அதை அடிக்கக்கூடாது, சூடு காட்டி எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட்டுவிட வேண்டும், காலையில் தானே இறங்கிவருவான். நான் இயந்திரவியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சூட்டினால் உலோகம் விரிவதற்குச் சூத்திரம் எனக்குத் தெரியும். எந்தத் திருகுக்கு எவ்வளவு நேரம் சூடு காட்டுவது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அவருடைய பேச்சில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கண்டனீசும் கலந்து வரும். நம் மொழிக் கழகத்தினர் சிலருக்கு இது கலப்படமாகத் தோன்றலாம். நாம் கலைச்சொல் பட்டறை நடத்துகிறோம். கணினிக்கும் இணையத்துக்கும் நல்ல தமிழ்ச்சொற்களைத் தேடுகிறோம். நல்ல வேலைதான், நானும் அதில் கலந்துகொள்கிறேன். ஆனால் கையில் கிரீசோடு அறுபது ஆண்டு தமிழ் பேசியவர்களிடம் நாம் இதுவரை போய்க் கேட்டிருக்கிறோமா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது பட்டறைகளும் மூடப்பட்டன. அங்கே வேலை செய்தவர்களில் மிஞ்சியிருப்பவர் சிலரே. அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், போகத்தான் வேண்டும். புதிய வண்டிகளில் கோளாறைக் கணினி சொல்லிவிடுகிறது, திருப்புளியைக் காதில் வைக்க வேண்டிய தேவையில்லை. அந்தச் சொற்கள் இனி வாழ்வதற்கு, அவை தேவைப்படும் ஒரு வண்டியாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கண்காட்சித் திடலில் நிற்கும் வண்டிக்குச் சளி பிடிக்காது.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். பெட்ரோல் போக, சாலை வரியும் காப்புறுதியும் உண்டு. உதிரிப்பாகங்களில் பாதி வெளிநாட்டிலிருந்தும் மீதி பொத்தோங் கடைகளிலிருந்தும் வருகின்றன. பகுதி நேரமாகக் கணிதம் சொல்லிக்கொடுத்து வரும் பணத்தில் கணிசமான பங்கு இதற்குப் போகிறது. சிங்கப்பூரில் இருக்கும் என் உறவினர் ஒருவர், அங்கே இத்தகைய வண்டியை ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்கள்தான் சாலையில் எடுக்க முடியும் என்று சொல்லிச் சிரிப்பார். அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

சேகரிப்பாளர் போகும்போது தம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, மனம் மாறினால் அழைக்கச் சொன்னார். நானும் அவரிடம் ஒன்று கேட்டேன்: அவரிடம் உள்ள பச்சை வண்டிகளில் ஒன்றின் பக்கத்தில் இந்த நீல வண்டியையும் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தலாமா? பாட்டியின் கதையைத் தமிழிலும் மலாயிலும் எழுதிப் பக்கத்தில் வைக்கலாமா? யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். காய்கறிச் சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன்.

வரும் விடுமுறையில் பின்பக்கக் குறுக்குச்சட்டத்தை வெட்டி மாற்றப் போகிறோம். பெரியவர் மூன்று நாள் வேலை என்கிறார். அவர் மூன்று நாள் என்றால் ஒரு வாரம். அவர் பேசுவதையெல்லாம் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, சொற்களைத் தனித்தனியாக எழுதிவைக்க இரண்டு பேர் தேவை. கழகத்தில் யாருக்காவது விருப்பமிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். தங்குவதற்குப் பெரியப்பா வீட்டில் இடம் இருக்கிறது. இரவில் குளிரும், கம்பளி கொண்டுவாருங்கள். பகலுக்குப் பழைய சட்டை. வண்டிக்கு அடியில் படுத்தெழுந்த சட்டையை எந்தச் சவர்க்காரமும் வெளுத்ததில்லை.